கொக்குவாயும் படுகண்ணும்: அணிகலக் காப்புப் பூட்டின் சொல்வரலாறு

தமிழர் அணிகலன்களைப் பற்றி ஆராய்ந்தோர் பலர். தலைக்கோலம் முதல் காலாழி ஈறாக உள்ள அணிகளின் பெயர்களையும், அவை அணியப்பெறும் உறுப்புகளையும், அப்பெயர்கள் பயின்றுவரும் நூல்களையும் அவர்கள் விரிவாகத் தொகுத்துத் தந்துள்ளனர். ஆயின், அவ்வணிகள் உடலினின்றும் கழன்று வீழாவண்ணம் பற்றிக் காக்கும் சிற்றுறுப்பைப் பற்றிய ஆராய்ச்சி மிக அரிதாகவே நிகழ்ந்துள்ளது. கழுத்தணியின் கடையில் உள்ள கொக்கி, தோட்டின் பின்புறத்துத் திருகு, காப்பின் வாயை இணைக்கும் ஆணி, மார்பில் குத்தும் ஊசியணியின் பற்றுவாய் ஆகிய இவையெல்லாம் அளவாற் சிறியன. பிறர் கண்ணிற் படாதன. எனினும் இவை தவறின் அணி முழுதும் தவறும். ஆதலின், அணியின் வரலாற்றை நிரம்பக் காண விரும்புவார் பூட்டின் வரலாற்றையும் காணுதல் வேண்டும்.

இப்பூட்டுறுப்புகளைத் தமிழ் எவ்வெச்சொற்களாற் குறித்தது, அச்சொற்கள் எவ்வகைச் சான்றுகளில் கிடைக்கின்றன, அவற்றின் இன்றைய நிலை யாது என்னும் மூன்றும் ஈண்டு ஆராயப்பெறும். புலவர் பாடாது விட்ட இவ்வுறுப்பைக் கணக்கர் எழுதி வைத்தனர் என்பதும், அவர் எழுதி வைத்தமையாலேயே அதன் பழம்பெயர்கள் நமக்குக் கிடைத்தன என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

பூணும் பூட்டும்

அணிகலனைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களுள் அணி, இழை, கலன், பூண் என்பன பெருவழக்கின. இவற்றுள் இழை என்பது இழைத்தல் தொழிலையும், அணி என்பது அணிதல் தொழிலையும் அடியாக உடையன. பூண் என்னும் சொல்லோ பிணிப்பைக் குறிப்பது. எருது நுகத்தைப் பூணும்; உழவன் எருதை நுகத்திற் பூட்டுவான். பூணுதல் தன்வினை, பூட்டுதல் பிறவினை. கதவை அடைத்துக் காக்கும் கருவிக்கும் பூட்டு என்பதே பெயர். உலக்கையின் முனையில் இடப்பெறும் இரும்பு வளையமும் பூண் எனப்படுதல் காண்க. அது மரம் பிளவாதபடி இறுகப் பற்றிக் காப்பது.

எனவே, பூண் என்று அணிகலனைப் பெயரிட்டோர் அதன் ஒளியையோ விலையையோ நோக்கிப் பெயரிட்டாரல்லர். உடலோடு பிணிப்புண்டு நிற்கும் நிலையை நோக்கியே பெயரிட்டனர். பிணிப்பு என்னும் கருத்து அணியின் பெயரிலேயே அமைந்திருத்தலின், பிணிக்கும் உறுப்புக்குத் தனிப்பெயர் வேண்டும் என்னும் எண்ணம் செய்யுள் வழக்கில் எழாது போயிற்று எனக் கருதலாம்.

மிகப் பழைய அணிகளுட் சிலவற்றிற்குத் தனிப்பூட்டே இல்லை. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899-க்கும் 1905-க்கும் இடையில் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த பொன் நெற்றிப்பட்டங்கள் மெல்லிய தகடுகளாக இருமுனையும் குறுகி அமைந்தவை. முனைகளில் நூல் கோத்துக் கட்டுதற்குரிய சிறு துளைகள் உள்ளன. ஆண்டுப் பூட்டாக நின்றது நூலின் முடிச்சேயாம். பொன்னும் கொல்லன் தொழில். முடிச்சோ அணிவார் கைத்தொழில். இம்முறை முற்றும் வழக்கொழிந்ததன்று. மங்கலநாணை முடிச்சிட்டுக் கட்டும் வழக்கில் அது இன்றளவும் நின்று நிலவுகின்றது.

வளை நெகிழ்தல்

சங்க அகப்பாடல்களில் தலைவனைப் பிரிந்த தலைவியின் மெலிவைப் புலப்படுத்தும் குறிகளுள் தலையாயது வளை நெகிழ்தலாகும். உடல் மெலிய, தோள் வாட, முன்கையில் நின்ற வளை தானே கழன்று வீழும். இச்செய்தியைப் பாடாத அகநூல் இல்லை எனலாம். திருக்குறளிலும் உறுப்பு நலனழிதல் என்னும் 124-ஆம் அதிகாரத்தில் தொடி கழலுதல் தொடர்ந்து பேசப்படுகின்றது.

இம்மரபைக் கற்பார் அதன் உணர்ச்சியையே நோக்குவர். அவ்வுணர்ச்சிக்கு நிலைக்களமாய் நிற்கும் கைத்தொழில் உண்மையையும் ஒருசிறிது நோக்குதல் தகும். வளை என்பது சங்கை அறுத்துச் செய்யப்பெற்ற முழுவட்டம். அதற்கு வாயும் இல்லை, பூட்டும் இல்லை. கையின் அளவுக்கு ஏற்ற வளையைத் தேர்ந்து அழுத்திச் செறித்தலே அதனை அணியும் முறை. செறிவே அதற்குக் காப்பு. செறித்தல் என்னும் வினை வளையோடு மிகப் பொருந்துதலும் இதனாலேயாம். உடல் மெலியின் செறிவு நீங்கும். செறிவு நீங்கின் வளை நில்லாது.

பூட்டுடைய அணியாயின் இம்மரபு தோன்றியிராது. கையின் மெலிவுக்கு ஏற்பத் திருகி இறுக்கத்தக்க காப்பொன்றைத் தலைவி அணிந்திருப்பாளாயின், அவள் மெலிவை அவ்வணி ஊர்க்கு உரையாது. ஆகவே, அகத்திணையின் மிக நுண்ணிய குறிப்புகளுள் ஒன்று, அக்கால அணியொன்றுக்குப் பூட்டில்லை என்னும் எளிய உண்மையின்மேல் நிற்கின்றது. இலக்கிய மரபை விளக்குதற்குப் பொருட்களின் அமைப்பறிவு எத்துணைப் பயன்படும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

காதணியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. பட்டினப்பாலையில், உலரும் உணவைக் கவர வந்த கோழியை எறிதற்கு மகளிர் தம் குழையைக் கழற்றி வீசுகின்றனர். அக்குழை சிறுவர் உருட்டும் மூன்றுகாற் சிறுதேரின் வழியைத் தடுக்கின்றது. இதனைக் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் சிறப்புக்குச் சான்றாகக் காட்டுவர். அஃது உண்மையே. அதனோடு, நினைத்த அளவில் ஒரு கையாற் கழற்றி எறியத்தக்க எளிய அமைப்பினது அக்குழை என்பதும் பெறப்படும். திருகிட்ட தோட்டினை அங்ஙனம் விரைந்து கழற்றி எறிதல் இயலாது. வடிந்து நீண்ட காதின் துளையில் தன் எடையால் தங்கி நிற்கும் அணியே ஈண்டுக் கருதப்பெற்றது எனல் பொருந்தும்.

சிலம்பில் சொல்லப்பட்டதும் சொல்லப்படாததும்

அணிகலன் ஒன்றையே கதையின் அச்சாகக் கொண்ட காப்பியம் சிலப்பதிகாரம். அணிகளின் செய்வினையை நன்கறிந்த புலவர் அதனை இயற்றியுள்ளார் என்பதில் ஐயமில்லை. கடலாடு காதையில் மாதவி பூண்ட அணிகள் கால்விரல் முதலாகத் தலை ஈறாக முறைப்படக் கூறப்பெறுகின்றன. ஆண்டு அவள் இடையில் அணிந்த முத்தணி முப்பத்திரண்டு கோவைகளை உடையது என எண்ணும் கூறப்படுகின்றது. ஆயின், முப்பத்திரண்டு கோவைகளும் கடையில் எவ்வாறு ஒருங்கு சேர்க்கப்பட்டன, எவ்வாறு பூட்டப்பட்டன என்பன கூறப்படவில்லை. அத்துணைக் கோவைகளின் எடையைத் தாங்கும் கடைப்பூட்டு வலியதாகவே இருந்திருத்தல் வேண்டும். எனினும் புலவர் நோக்கு முத்தின்மேற் சென்றதேயன்றிப் பூட்டின்மேற் செல்லவில்லை.

கொலைக்களக் காதை இன்னும் கருதத்தக்கது. கோவலன் காட்டிய சிலம்பைப் பொற்கொல்லன் கூர்ந்து நோக்குகின்றான். அவ்விடத்துக் கேவணம், குடைச்சூல் என்னும் தொழிற்சொற்கள் வருகின்றன. கேவணம் என்பது மணியைப் பதித்தற்குச் செய்த குழி. குடைச்சூல் என்பது உள்ளே பரலிடுதற்குக் குடைந்தமைத்த வெற்றிடம். இவை இரண்டும் பட்டறையிலிருந்து காப்பியத்துள் வந்த சொற்களாம். கொல்லனின் கண்கொண்டு நோக்கும் அவ்விடத்தும் சிலம்பின் வாயை மூட்டும் உறுப்புக்குரிய சொல் இடம்பெறவில்லை. கதைக்கு வேண்டியது உள்ளிருக்கும் பரல் மாணிக்கமா முத்தா என்பதே. வழக்கை முடிப்பது பரல், பூட்டன்று. ஆகலின் புலவர் அதனை விடுத்தமை குறையாகாது. செய்யுளின் தேவை அவ்வளவினது என்றே கொள்ளுதல் வேண்டும்.

தஞ்சைக் கல்வெட்டுகள்

செய்யுள் விடுத்த இவ்வுறுப்பைக் கல்வெட்டு விடவில்லை. முதலாம் இராசராசன் (985-1014) எடுப்பித்த தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகள் அணிகலன் வரலாற்றுக்குப் பெருங்கருவூலமாகும். தான் கொடுத்தனவும், தன் தமக்கையார் குந்தவையார் கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் கல்லில் வெட்டப்பெறுக என அரசன் ஆணையிட்டான். அவ்வாணையின்படி, இறைவன் திருமேனிகளுக்கு அளிக்கப்பெற்ற ஒவ்வோர் அணியும் உறுப்பு உறுப்பாக எண்ணி, நிறுத்து, விலையிட்டு எழுதப்பெற்றது. இக்கல்வெட்டுகளை உல்சு என்னும் செருமானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 1891 முதலாகப் பகுதி பகுதியாக வெளியிட்டார்.

அங்குக் காணும் கணக்குமுறை வியத்தற்குரியது. பொன் ஆடவல்லான் என்னும் பெயருடைய கல்லாலும், மணிபதித்த அணிகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் பெயருடைய கல்லாலும் நிறுக்கப்பெற்றன. நிறை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கூறப்படும். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, சப்பத்தி எனப் பலவகையாகப் பிரித்து எண்ணப்பெற்றன. கோத்த சரடு நிறையினின்றும் நீக்கப்பெற்றது. உள்ளே இட்ட அரக்கும், பிஞ்சும், சட்டமும், செப்பாணியும் நிறையோடு சேர்ந்தனவாயின், சேர்ந்தன என்றே எழுதப்பெற்றது.

இவ்வாறு எண்ணிச் செல்லும் வரிசையிலேதான் ஏகாவல்லி முதலிய கோவையணிகளின் உறுப்புகளாகப் படுகண் என்றும் கொக்குவாய் என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. முத்து இத்தனை, பவழம் இத்தனை என்று கூறி வரும் கணக்கர், படுகண் ஒன்று, கொக்குவாய் ஒன்று என இவற்றையும் எண்ணி எழுதுகின்றனர். கடைப்பூட்டின் இரு கூறுகள் இவையாம். கொக்குவாய் என்பது வளைந்த கொக்கி. படுகண் என்பது அக்கொக்கி மாட்டும் துளை அல்லது வளையம்.

கணக்கர் இவற்றை விடாது எழுதியதற்குக் காரணம் தெளிவு. பூட்டும் பொன்னாற் செய்யப்பெற்றது. ஆதலின் அதற்கு நிறை உண்டு. நிறை உண்டாயின் கணக்கில் அது வருதல் வேண்டும். மேலும், கோவையணியில் முதலில் தேய்வதும், பழுதுபார்த்தற்காக முதலிற் கழற்றப்பெறுவதும் பூட்டேயாகும். பின்னொரு நாளில் அணியைச் சரிபார்ப்பார் பூட்டு இருந்ததா, எத்தனை இருந்தது என்று அறிதற்குக் கல்லில் எழுத்து வேண்டும். இங்ஙனம் ஒரு பூட்டுக்கு இரண்டு காவல் அமைந்தன. அணி கழலாமல் காத்தது கொக்குவாய். கொக்குவாய் காணாமற் போகாமல் காத்தது கல்வெட்டு. புலவர்க்குத் தேவைப்படாத சொல் கணக்கர்க்குத் தேவைப்பட்டது. அதனால் ஆயிரம் ஆண்டு கடந்து நிலைத்தது.

சொல்லமைதி

இவ்விரு சொற்களின் அமைப்பும் ஆராயத்தக்கது. படுகண் என்பது படு, கண் என்னும் இரு சொற்களாலாய வினைத்தொகை. படுதல் என்பதற்கு அகப்படுதல் என்பது ஒரு பொருள். மீன் வலையிற் பட்டது என்னும் வழக்கை நோக்குக. கண் என்பது துளையைக் குறித்தல் ஊற்றுக்கண், சல்லடைக்கண் முதலிய வழக்குகளால் விளங்கும். எனவே, கொக்கி வந்து அகப்படும் துளை படுகண் எனப்பட்டது. தொழிலும் வடிவும் ஒருங்கே தோன்ற அமைந்த பெயர் இது.

கொக்குவாய் என்பது கொக்கின் அலகுபோன்ற வாயினையுடையது என விரியும். இனி, கொக்கி என்னும் சொல் இன்று பெருவழக்கினது. தெலுங்கில் கொக்கி என்றும் கன்னடத்தில் கொக்கெ என்றும் இதன் இனச்சொற்கள் உள்ளன. வளைவைக் குறித்த ஓர் அடியினின்று கொக்கியும் வளைகழுத்துடைய பறவையின் பெயரும் கிளைத்தன எனக் கொள்ளுதலும், பறவையின் பெயரினின்றே கருவியின் பெயர் வந்தது எனக் கொள்ளுதலும் ஆகிய இரண்டும் கூடும். எங்ஙனமாயினும், கல்வெட்டுக் கணக்கர் வெறுங்கொக்கி என்னாது கொக்குவாய் என்று எழுதியது, அவ்வுறுப்பின் திறந்த வாயைச் சிறப்பாகக் கருதியமையைக் காட்டும். கொக்கியின் வலியும் குற்றமும் அவ்வாயிலேயே உள்ளன.

கொக்குவாயும் படுகண்ணும் அமைந்த பூட்டு இழுவையால் நிற்பது. கோவையின் எடை கீழ்நோக்கி இழுக்குந்தோறும் கொக்கியின் உள்வளைவு துளையின் விளிம்பில் அழுந்தி நிற்கும். அணிந்தார் நிமிர்ந்திருக்கும்வரை இடையூறில்லை. அவர் படுப்பினும், கோவை மேலெழுந்து தளரினும், இழுவை நீங்கும். இழுவை நீங்கின் கொக்கி வழுவுதற்கு இடம் உண்டாகும். மேலும், பத்தரைமாற்றுப் பொன் மிக மென்மையது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கொக்கியின் வாய் சிறிது அகலும். இதனைத் தடுத்தற்கு மூன்று வழிகள் உள்ளன. பொன்னோடு செம்பு முதலியன கலந்தும், அடித்தும் அதனை உரமாக்குதல் ஒன்று. வாயைக் குறுக்கி அமைத்தல் ஒன்று. வாயை மூடுதற்குத் தனி உறுப்பு அமைத்தல் மற்றொன்று. முதலிரண்டும் கொல்லர் கைப்பழக்கத்தில் அடங்குவன. மூன்றாவதே காப்புப் பூட்டு என்று இன்று வழங்கப்பெறுவதன் தொடக்கம்.

சுரையும் திருகும்

கொக்கி இழுவையை நம்பி நிற்பது. திருகோ இழுவையை எதிர்த்து நிற்பது. மரையிட்ட ஆணியை நேரே இழுத்துக் கழற்றுதல் இயலாது. சுழற்றியே கழற்றுதல் வேண்டும். உடலின் அசைவு பெரும்பாலும் இழுத்தலும் தள்ளுதலுமேயன்றி ஒரே பக்கமாகப் பலமுறை சுழற்றுதலன்று. ஆதலின் திருகு தானே கழலுதல் அரிது. தோடும் மூக்குத்தியும் போலும் விலையுயர்ந்த சிற்றணிகளுக்குத் தமிழ்நாட்டுப் பொற்கொல்லர் திருகினையே தேர்ந்தமைக்கு இஃது ஏற்ற காரணமாம். எனினும் நாட்பட்ட உராய்வால் மரை தேயும். தேய்ந்த மரை பிடிப்பிழக்கும். திருகு கழன்று தோடு தொலைந்தது என்பது இல்லந்தோறும் கேட்கும் செய்தியே.

இவ்வமைப்பில் ஆணியை ஏற்கும் குழலுக்குச் சுரை என்பது பெயர். இச்சொல்லின் பழமை போற்றத்தக்கது. புறநானூற்று 97-ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியின் படைக்கலங்களைப் பாடுமிடத்து, வேலின் உறுப்பாகச் சுரை என்பது கூறப்படுகின்றது. வேலின் இலைப்பகுதிக்குக் கீழே காம்பைச் செருகுதற்குக் குழிந்து அமைந்த பகுதி அது. அவ்விடத்திலேயே காழ் என்பது காம்பையும், மடை என்பது மூட்டுவாயையும் குறித்து வருகின்றன. ஆக, ஒன்றைச் செருகிப் பிணித்தற்குரிய உட்டுளை என்னும் பொருளில் சுரை என்னும் சொல் போர்க்களத்து வேலுக்கும், மகளிர் காதிலுள்ள தோட்டுக்கும் பொதுவாயிற்று. கொல்லர் இருவர், ஒருவர் இரும்பிலும் மற்றவர் பொன்னிலும் தொழில் செய்வோர். உறுப்பு ஒன்றாதலின் பெயரும் ஒன்றாயிற்று.

கொக்குவாய், படுகண் என்பன பேச்சுவழக்கில் மறைய, சுரை என்பது இன்றும் பட்டறையில் நிற்றல் கருதத்தக்கது. சுரை என்பதைக் காத்தவர் புலவரோ கல்வெட்டுக் கணக்கரோ அல்லர்; வழிவழி வந்த தொழிலாளரே. பொடிவைத்துப் பேசுதல் என்னும் மரபுத்தொடரும் பற்றவைக்கப் பொடியிட்டு ஊதும் பொற்கொல்லர் தொழிலினின்றும் வந்தது என்பர். பட்டறைச் சொல் பொதுவழக்குக்கு வரும் வழி அத்தகையது.

ஊசியணியும் ஊக்கும்

இனி, ஆடையிற் குத்தும் ஊசியணியை நோக்குவாம். புரூச்சு என இன்று வழங்கும் இவ்வணி தமிழர்க்குப் பழமையானதன்று. ஐரோப்பிய நாடுகளில் கி.மு. 13-ஆம் நூற்றாண்டளவிலேயே சுருளும் பற்றுவாயும் உடைய வெண்கல ஊசியணிகள் வழங்கின. கிரேக்கரும் உரோமரும் தைக்கப்படாத ஆடையைத் தோளில் ஊசியாற் பிணித்தனர். தமிழரும் தைக்கப்படாத ஆடையையே உடுத்தனர். ஆயின் செருகியும், கொய்தும், முடிந்தும் உடுத்தனர். கொய்சகம் செருகிய ஆடைக்கு ஊசி வேண்டியதில்லை. இரு நாகரிகமும் ஒரே இடர்ப்பாட்டை வெவ்வேறு வழியில் தீர்த்தன என்பதே கருத்து. ஒன்றன் இன்மை மற்றதன் தாழ்வாகாது.

19-ஆம் நூற்றாண்டில் இரவிக்கையும் தோளிற் பிணிக்கும் சேலைக்கட்டும் பரவியபோது ஊசியணி இந்திய மகளிர் உடையில் இடம்பெற்றது. 1860-களில் பம்பாயில் வாழ்ந்த ஞானதானந்தினி தேவியார் வங்கத்திற் பரப்பிய புதிய சேலைக்கட்டில் தோளில் ஊசியணி குத்தும் வழக்கம் இருந்தது. ஊசியணியின் குற்றம் வெளிப்படை. ஊசி கூரியது; பற்றுவாய் திறந்தது. ஆடை அசையுந்தோறும் ஊசி வாயினின்று வழுவும். வழுவின் அணி தொலையும். அன்றி ஊசி உடலிற் பாயும். இதற்குத் தீர்வாக இருவகை அமைப்புகள் தோன்றின.

ஒன்று, 1849 ஏப்பிரல் 10-ஆம் நாள் அமெரிக்க நாட்டு வால்டர் அண்ட்டு என்பார் காப்புரிமை பெற்றது. ஒரே கம்பியின் ஒரு முனையைச் சுருளாக்கி வில்விசை பெறச் செய்து, மறுமுனையை மூடுறைக்குள் அடக்குதல் அதன் முறை. விசையே ஊசியை உறைக்குள் அழுத்தி வைக்கும். உறை கூர்முனையை மறைத்து உடலைக் காக்கும். அவ்வுரிமையை அவர் 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பது வரலாறு. மற்றொன்று, 20-ஆம் நூற்றாண்டில் விலையுயர்ந்த ஊசியணிகளில் பரவிய சுழல்பூட்டு. பற்றுவாயின்மேல் சிறு வளையமொன்று சுழன்று அதன் திறப்பை மூடும். ஊசி வெளிவருதற்கு இரு வேறு அசைவுகள் வேண்டும்: முதலில் வளையத்தைச் சுழற்றுதல், பின்னர் ஊசியை அழுத்தி எடுத்தல். தற்செயலான அசைவு ஒன்றாக இருக்கும். முறைப்பட்ட இரண்டாக இராது. காப்புப் பூட்டின் நுட்பம் முழுதும் இதனுள் அடங்கும். கொக்குவாயின் திறந்த வாய் இவ்வாறு மூடப்பெற்றது.

அண்ட்டு அமைத்த கருவி தமிழ்நாட்டில் ஊக்கு என வழங்குகின்றது. இச்சொல்லை ஊக்குதல் என்னும் தமிழ் வினையோடு சேர்த்துப் பொருள்காண விழைவார் உளர். அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஊக்குதல் என்பதற்கு முயலுதல், செலுத்துதல் முதலிய பொருள்கள் உண்டு. திருக்குறள் 1238-இல் தழுவிய கையைத் தளர்த்தியதைக் குறிக்க ஊக்க என்னும் சொல்லே வருகின்றது. பிணிக்கும் கருவிக்குத் தளர்த்தும் வினையினின்று பெயர் வந்தது என்றல் முரணாகும். கொக்கியைக் குறிக்கும் ஹூக் என்னும் ஆங்கிலச் சொல் முதலிலுள்ள மூச்சொலி கெட்டு, ஈற்றில் உகரம் பெற்று ஊக்கு என நின்றது எனக் கொள்ளுதலே ஒலிக்கும் பொருளுக்கும் இயையும். வேற்றுச்சொல் என்று அதனைத் தள்ளவேண்டுவதில்லை. சேலை முந்தானையைக் காக்கும் அக்கருவியைத் தாலிச்சரட்டிலும் வளையலிலும் கோத்து வைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. பிற பூட்டுகள் தவறும்போது உதவும் பூட்டாக அதனைத் தமிழ் மகளிர் ஏற்றுக்கொண்டனர்; சொல்லும் பொருளோடு உரிமை பெற்றது.

சொற்றொகையின் தேவை

மேற்கூறியவற்றால் பூட்டுச் சொற்களின் உயிர் பட்டறையைச் சார்ந்தது என்பது புலனாம். அப்பட்டறைகளோ பெரிதும் குறைந்துவிட்டன. 1963 சனவரியில் நடுவணரசு பிறப்பித்த பொற்கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய அணிகள் செய்தலைத் தடுத்தன. பொற்கொல்லர் குடும்பங்கள் பல தொழிலிழந்து வறுமையுற்றன. உயிர் நீத்தாரும் உளர். அம்மாற்று வரையறை 1966-இல் நீக்கப்பெற்றது. 1968-இல் இயற்றப்பெற்ற பொற்கட்டுப்பாட்டுச் சட்டமோ 1990-இலேயே நீக்கப்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் தொழிலை விட்டு நீங்கினார் அதன் சொற்களையும் உடன்கொண்டு நீங்கினர். பின்னர், ஆலைகளில் வார்ப்பாகச் செய்யப்பெற்ற கொக்கிகள் வரத்தொடங்கின. எஸ் கொக்கி என ஆங்கில எழுத்தின் வடிவாற் பெயர் பெற்றதும் அவற்றுள் ஒன்று. கொக்கின் வாயாற் பெயர் பெற்ற உறுப்பு எழுத்தின் வடிவாற் பெயர் பெறுதல் வழக்காற்றின் இயல்பே. ஆயின் முன்னைப் பெயர் பதிவின்றி மறைதல் இழப்பாகும்.

ஆதலின், பட்டறைச் சொற்களைத் திரட்டும் கள ஆய்வு காலந்தாழ்த்தாது மேற்கொள்ளத்தக்கது. அதற்கு நகைக்கடைகள் நிறைந்த பெருநகரம் மட்டும் போதாது. மலைப்பகுதிகளும் வேண்டும். எடுத்துக்காட்டாக, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் உள்ள கரியாலூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் கூறலாம். அம்மலை நெடுங்காலம் மூன்று சாகீர்தார்களின் ஆட்சியில் இருந்து 1976-இல் அரசின் நேராட்சிக்குள் வந்தது. அதன் பின்னரே ஆட்சித்துறைகள் அங்கு வேரூன்றின. இத்தகைய இடத்தில் சமவெளிப் பட்டறையின் அணியும் பெயரும் ஒருங்கே மலையேறினவா, அன்றி அணி மட்டும் ஏற, பெயரை மலைவாழ் மக்கள் தாமே படைத்துக்கொண்டனரா என்பது ஆராய்தற்குரிய வினா. பொருளோடு சொல் பயணம் செய்யும் முறையை இவ்வினாவின் விடை விளக்கும். கரியாலூரிலும், அடிவாரத்துக் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் ஆகிய ஊர்ப் பட்டறைகளிலும் ஒரே வினாநிரலைக் கொண்டு தோடு, மூக்குத்தி, காப்பு, கொலுசு, கழுத்துச்சரடு ஆகிய ஐந்தன் பூட்டுறுப்புப் பெயர்களைக் கேட்டு ஒப்பிடுதல் முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் செய்து முடிக்கத்தக்க பணியாம். கேட்கும்போது பெயரை மட்டும் எழுதாது, உறுப்பின் வரைபடத்தையும் உடன் சேர்த்தல் வேண்டும். படமின்மையாலேயே கல்வெட்டுச் சொற்கள் பலவற்றின் வடிவம் இன்று ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், பூண் என்னும் சொல்லே பிணிப்பைக் குறித்து நின்றது என்பதும், வளை நெகிழ்தல் என்னும் அகமரபு பூட்டில்லா அணியின் அமைப்பைச் சார்ந்தது என்பதும், காப்பியம் கூறாத பூட்டுறுப்புகளைத் தஞ்சைக் கல்வெட்டுகள் கொக்குவாய், படுகண் எனப் பெயர் கூறிக் காத்தன என்பதும், சுரை என்னும் சங்ககாலச் சொல் பொற்கொல்லர் வாயில் இன்றும் வாழ்கின்றது என்பதும் பெறப்பட்டன. கல்வெட்டுக் கணக்கர் தம் கடமையாகச் செய்த பணி மொழிக்கு ஆக்கமாயிற்று. அவர் எண்ணி எழுதியதுபோல் நாமும் இன்று பட்டறையில் எஞ்சிய சொற்களை எண்ணி எழுதுதல் வேண்டும். அவற்றை அறிந்த முதியோர் உள்ளபோதே அது செய்தற்குரியது.